வாழைப்பழத்துக்கு முன் ஒரு நொடி

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் ஒரு யூதப் பயணி பெரம்பலூரில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பசி. கடையில் இரண்டு பூவன் பழம், தள்ளுவண்டியில் வேகவைத்த மக்காச்சோளக் கதிர் ஒன்று, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிப்பருப்பு ஒரு பொட்டலம் வாங்குகிறார். நாமாக இருந்தால் எது முதலில் கைக்கு வருகிறதோ அதை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த பேருந்தைப் பார்ப்போம். மரபை முறையாகக் கடைப்பிடிக்கும் யூதர் அப்படிச் செய்ய மாட்டார். ஒவ்வொன்றையும் வலக்கையில் எடுத்து, அதைப் படைத்தவனைத் துதித்து ஒரு வரி சொன்ன பிறகே வாயில் வைப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே வரி என்றால் வேலை சுலபம். ஆனால் மரத்தில் காய்த்ததற்கு ஒரு துதி, மண்ணில் விளைந்ததற்கு வேறு துதி. முந்திரியை மரத்தின் கனி என்று துதிப்பார். மக்காச்சோளத்தை மண்ணின் விளைச்சல் என்று துதிப்பார். வாழைப்பழத்தை?

அதையும் மண்ணின் விளைச்சல் என்றுதான். இங்கே உயரமும் பருமனும் கணக்கில் வருவதில்லை. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தின் பெராக்கோத் என்னும் பகுதி ஒரு சோதனையைச் சொல்கிறது: கனியைப் பறித்த பின் அதே தண்டு நின்று மறுபடியும் காய்க்குமா? காய்க்கும் என்றால் மரம். இல்லையென்றால் மண்ணின் பயிர். வாழை ஒரே ஒரு முறைதான் குலை தள்ளும். குலையை வெட்டியதும் தாய்வாழையின் ஆயுள் முடிகிறது. அடுத்த குலை பக்கக்கன்றுடையது. யோசேப் கரோ தொகுத்து 1565-இல் வெனிஸ் நகரில் அச்சான 'ஷுல்கான் அருக்' என்னும் சட்டநூல், வாழைப்பழத்தைப் பெயர் சொல்லியே மண்ணின் விளைச்சலில் சேர்த்துவிட்டது.

இன்றைய தாவரவியலும் அதே பக்கம்தான் நிற்கிறது. வாழையில் மரக்கட்டை கிடையாது. நாம் அடிமரம் என்று நினைப்பது இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றை ஒன்று சுற்றி இறுகிய போலித்தண்டு. உண்மையான தண்டு கிழங்காக மண்ணுக்குள் இருக்கிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் அது போலித்தண்டின் நடுவே ஊடுருவி மேலே வருகிறது. நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு அதுதான். உலகின் மிகப் பெரிய பூண்டு வகைத் தாவரங்களில் வாழையும் ஒன்று. கொள்ளிடக் கரையில் வாழை வைப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழங்கையும் கன்றையும் நம்பித்தான் அவர் பிழைப்பே நடக்கிறது.

நம் தொல்காப்பியரும் மரபியலில் இதே போன்ற ஒரு கோட்டைக் கிழித்திருக்கிறார். வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தவை புல், உட்பக்கம் வைரம் பாய்ந்தவை மரம் என்பது அவர் பகுப்பு. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினம் ஆகிவிடுகின்றன; ஒருவித்திலை, இருவித்திலை என்னும் இன்றைய பிரிவுக்கு வியக்கத்தக்க அளவு அருகில் வருகிறது. தொல்காப்பியர் பார்த்தது தண்டின் வைரத்தை. யூதச் சமய அறிஞர்களான ரப்பிகள் பார்த்தது தண்டின் ஆயுளை. ஒருவர் மொழி மரபுக்காகப் பார்த்தார், மற்றவர்கள் துதிக்காகப் பார்த்தார்கள். இரு தரப்பும் செடியைக் கூர்ந்து பார்த்தே ஆகவேண்டி இருந்தது.

பப்பாளி வந்தபோது ரப்பிகளுக்குள் விவாதம் மூண்டது. பல ஆண்டுகள் காய்க்கிறது, ஆனால் விதைத்த ஓராண்டுக்குள்ளேயே காய்க்கத் தொடங்கிவிடுகிறது. தண்டோ உள்ளே கூடு. இதை மரம் என்பதா, பயிர் என்பதா? பலர் பயிர் என்றே முடிவு செய்தார்கள். காளான் இன்னும் சுவையான வழக்கு. மழை பெய்து ஓய்ந்ததும் புற்றோரம் முளைக்கும் காளானை மண்ணின் விளைச்சல் என்றுதானே யாரும் சொல்வார்கள்? தல்மூத் மறுக்கிறது. காளான் மண்மேல் வளர்கிறதே தவிர மற்றப் பயிர்போல மண்ணிலிருந்து உணவை இழுப்பதில்லை. ஆகவே அதற்குப் பொதுவான துதி போதும் என்கிறது. உணவு காற்றிலிருந்து வருகிறது என்று அவர்கள் எண்ணியது சரியல்ல. மட்கும் பொருளில் இருந்தும், புற்றுக் காளானில் கறையான் சேர்த்துவைத்த தாவரக் கூளத்தில் இருந்தும் அது வருகிறது. ஆனால் காளான் செடியே அல்ல என்ற இடத்துக்கு மிக அருகில் அவர்கள் போய்விட்டார்கள். ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாக வகுத்து, பூஞ்சைகளுக்குத் தனி உலகம் தந்தது 1969-இல்.

அரிசிக்கு வருவோம். விவிலியத்தில் அரிசி இல்லை. பாபிலோனிய ரப்பிகளுக்கு அது தெரியும். ஆனால் பிற்கால ஐரோப்பிய உரையாசிரியர்களுக்கு, தல்மூத் சொல்லும் இரண்டு தானியங்களில் எது அரிசி, எது சிறுதானியம் என்பதிலேயே கருத்து வேறுபாடு வந்தது. கடைசியில் அரிசிக்கு ஒரு விசித்திரமான இடம் கிடைத்தது. சோற்றைச் சாப்பிடும் முன் கோதுமைப் பண்டங்களுக்குச் சொல்லும் துதியைச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பின் சொல்லும் நன்றியில் மட்டும் கோதுமையின் தகுதி அதற்குக் கிடையாது. சரி, பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால்? தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போன பெரம்பலூர் மாவட்டத்தில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில் இதற்குப் பொருந்தும் விதி இருக்கிறது. எது முதன்மை உணவு, எது அதற்குத் துணை என்று முதலில் தீர்மானி. முதன்மைக்குச் சொன்ன துதி துணைக்கும் சேரும். வெங்காயம் சோற்றோடு போய்விடும். ஆனால் அந்தத் தீர்மானத்தைக் கையில் கவளத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எடுத்தாக வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? உலகம் இறைவனின் உடைமை. துதி சொல்லாமல் அதை அனுபவிப்பவன் கோயில் சொத்தைத் தன் சொத்தாக எடுத்துக்கொண்டவனுக்கு ஒப்பாவான் என்பது தல்மூத்தின் கருத்து. துதி சொன்ன பிறகே அது மனிதனுக்குக் கொடுக்கப்பட்டதாகிறது. ஆகவே உண்பது மட்டுமல்ல, விழிப்பதும் உடுப்பதும் மின்னலைப் பார்ப்பதும் நறுமணம் முகர்வதும் ஒவ்வொரு துதியோடு வருகின்றன. ஒருவன் நாளொன்றுக்கு 100 துதிகள் சொல்லக் கடமைப்பட்டவன் என்று 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரப்பி மேயிர் சொன்னதாகத் தல்மூத் பதிவு செய்கிறது. கழிவறையிலிருந்து வெளியே வந்ததும் சொல்லும் துதிகூட உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த அபாயே என்ற அறிஞரோடு சேர்த்து வழங்கும் அந்தத் துதி, உடலில் துளைகளும் குழிகளுமாகப் பல வழிகள் இருக்கின்றன, அவற்றில் திறந்திருக்க வேண்டியது அடைபட்டாலும் மூடியிருக்க வேண்டியது திறந்துகொண்டாலும் உயிர் நிலைக்காது என்பதை நினைக்கச் சொல்கிறது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றுகின்றன. டயாலிசிஸ் படுக்கையில் வாரம் மூன்று முறை படுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அந்தத் துதியின் பொருளை எந்த ரப்பியும் விளக்காமலே உணர்வார்கள்.

இங்கேதான் அறிவியல் ஒரு கடுமையான கேள்வியை வைக்கிறது. ஒரே செயலை நாளுக்கு 100 முறை செய்தால் மனம் விழிக்குமா, மரத்துப்போகுமா?

மரத்துப்போகும் என்பதற்கு உயிரணு அளவிலேயே சான்று இருக்கிறது. வியன்னாவில் யூதக் குடும்பத்தில் 1929-இல் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1939-இல் அமெரிக்கா போன எரிக் கேண்டல், அப்லீசியா என்னும் கடல் நத்தையை வைத்து இதைக் காட்டினார். அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே தொடுகை திரும்பத் திரும்ப வந்தால் இழுப்பு தளர்ந்துகொண்டே போகும். நரம்பு முனையிலிருந்து வெளிவரும் வேதிச் செய்தியே குறைந்துவிடுகிறது. பழகியதை உயிர் பொருட்படுத்துவதில்லை. நினைவின் நரம்பியலுக்காகக் கேண்டலுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரிலும் கதை இதுதான். உளவியலாளர் வெண்டி உட் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் அன்றாடம் செய்தவற்றில் ஏறக்குறைய 43 விழுக்காடு, மனம் வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கையில் கை தானாகச் செய்த பழக்கங்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் எலிகளை ஆங்கில 'டி' எழுத்து வடிவப் பாதையில் ஓடவிட்டு, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியைக் கவனித்தார். பழகாத எலியில் அந்த நரம்பணுக்கள் வழி நெடுகத் துடித்தன. பழகிய எலியில் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன. நடுவே மூளை விலகிக்கொண்டது. தினமும் சொல்லும் மந்திரத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. முதல் சொல்லில் தொடங்கி, கடைசிச் சொல்லில் முடித்து, நடுவில் யாரும் இல்லாமல் போகலாம்.

யூத மரபு இதை அறியாமல் இல்லை. உதட்டால் மதித்து உள்ளத்தால் விலகி நிற்பதையும், பயின்ற பாடமாகிப்போன பக்தியையும் ஏசாயா தீர்க்கதரிசி கடிந்துகொண்டது கிறிஸ்து பிறப்பதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கும் முன்பு. தொழுகையை மாறாச் சடங்காக்கிக்கொண்டவனின் தொழுகை மன்றாட்டே ஆகாது என்று மிஷ்னாவில் ரப்பி எலியேசர் சொல்கிறார். நோயை இவ்வளவு தெளிவாக அறிந்தவர்கள் மருந்தும் தேடியிருக்கிறார்கள். துதிக்கு முன் எடுக்கும் இந்தச் சிறு தேர்வுகளின் அருமை பழக்கத்தை உண்டாக்குவதில் அல்ல, பழக்கம் மூடும் கண்ணைத் திறந்துகொண்டே இருப்பதில்தான் என்பது என் எண்ணம்.

மரமா மண்ணா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வைப்பது ஒரு வழி. இன்னொன்று இடைவெளி. பெருங்கடலைக் கண்டால் துதி உண்டு. ஆனால் கடலோரத்திலேயே குடியிருப்பவன் தினமும் அதைச் சொல்லக் கூடாது. பார்த்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும். நெருங்கிய நண்பனை 30 நாளுக்குப் பின் பார்த்தால் ஒரு துதி. 12 மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவரை உயிர்ப்பிக்கும் இறைவனுக்குரிய துதி. பருவத்தில் மட்டும் வரும் பழத்தை அந்த ஆண்டில் முதல் முறை சுவைக்கும்போது, இந்த நாள் வரை உயிரோடு வைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் கிடைக்கும் வாழைப்பழத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நம் சித்திரை நுங்குக்கு நிச்சயம் உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை விசேஷ நாள்கள் தவிர திங்களும் வெள்ளியும் மட்டுமே திறப்பதை அறிந்த பெரம்பலூர்க்காரர்களுக்கு, இடைவெளி பக்தியைக் கூர்மையாக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எனக்கு மிகவும் பிடித்தது மழைத் துதி. வறண்ட நிலத்தில் நீண்ட நாள் கழித்து மழை பெய்து, தேங்கிய நீரில் விழும் துளி எதிர்த்துளியாய் எழும்பினால் துதி சொல்லும் நேரம் வந்துவிட்டது. அதிலும் மூன்று வகை. சொந்த நிலத்தில் தனியாக உழுபவன், தன்னை இந்த நாளுக்குக் கொண்டுசேர்த்ததற்குத் துதிப்பான். பங்காளியோடு சேர்ந்து நிலம் வைத்திருப்பவன், தனக்கும் பிறருக்கும் நன்மை செய்கிறவன் என்று துதிப்பான். நிலமே இல்லாதவனுக்கும் துதி உண்டு. அவன் ஒவ்வொரு துளிக்கும் நன்றி சொல்வான். மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு ஐப்பசி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேப்பந்தட்டை, குன்னம் பக்கத்து உழவருக்கு இந்த மூன்று பேரும் அந்நியர்களே அல்ல. ஐரோப்பாவுக்குப் போன யூதர்களிடம் இந்தத் துதி வழக்கொழிந்தது. அங்கே மழை அடிக்கடி பெய்கிறது, அதனால் சொல்வதில்லை என்று சட்டநூல்களே காரணம் எழுதிவைத்திருக்கின்றன. கேண்டலின் நத்தையில் நடந்தது அங்கே ஒரு துதிக்கு நடந்தது.

நன்றியுணர்வை ஆராயும் உளவியலாளர்களும் இதே முடிச்சில் வந்து நிற்கிறார்கள். கலிபோர்னியாவின் சோனியா லியுபொமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட முடிவு ஒன்று பலரை யோசிக்க வைத்தது. தமக்குக் கிடைத்த நன்மைகளை வாரம் ஒரு முறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அளவுக்கு மிஞ்சியதும் அது வீட்டுப்பாடமாகிவிட்டது போலும். இதைக் கொண்டு 100 துதிகள் வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். எழுதியவர்கள் ஒரே வேலையைத் திரும்பச் செய்தார்கள். துதி சொல்பவர் முன் ஒவ்வொரு முறையும் வேறொரு பொருள் நிற்கிறது.

மரபு சறுக்கிய இடமும் உண்டு. காலைத் துதிகள் தொடக்கத்தில் செயலோடு செயலாகச் சொல்லப்பட்டவை: சேவல் கூவுவதைக் கேட்டால் ஒன்று, கண்ணைத் திறந்தால் ஒன்று, எழுந்து உட்கார்ந்தால் ஒன்று, இடைக்கச்சை கட்டினால் ஒன்று. நாளடைவில் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தொழுகைக்கூடத்தில் வரிசையாக ஒப்பிக்கும் வழக்கம் வந்துவிட்டது. கெய்ரோவில் மருத்துவராகவும் யூதர்களின் தலைவராகவும் இருந்த மைமோனிடிஸ் (1138–1204) இதைத் தவறு என்றே எழுதினார். எந்தச் செயல் நேர்ந்ததோ அதற்குரிய துதியை மட்டுமே அப்போது சொல்ல வேண்டும் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. பெரும்பாலான தொழுகைக்கூடங்களில் அவை இன்றும் வரிசையாகத்தான் சொல்லப்படுகின்றன. செயலிலிருந்து சொல்லைப் பிரித்தால் சொல் மட்டும் பிழைக்கும், விழிப்பு பிழைக்காது என்பதில் அந்த மருத்துவர் பக்கமே நான் நிற்கிறேன்.

கைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த நொடியைப் பற்றி நரம்பியல் என்ன சொல்கிறது? பெஞ்சமின் லிபெட் 1983-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். விரும்பிய நேரத்தில் மணிக்கட்டை மடக்கச் சொல்லி, மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார். கை அசைவதற்கு ஏறக்குறைய 550 மில்லிநொடிக்கு முன்பே மூளையில் ஆயத்தம் தொடங்கிவிட்டது. 'அசைக்கப் போகிறேன்' என்று ஆளுக்குத் தெரிந்ததோ 200 மில்லிநொடிக்கு முன்புதான். அப்படியானால் முடிவெடுப்பது நாமா, மூளையா என்று பெரும் வாதம் எழுந்தது. லிபெட் நம்பிக்கை இழக்கவில்லை. தொடங்கியதை நிறுத்தும் வாய்ப்பு அந்தக் கடைசி இடைவெளியில் நமக்கு இருக்கிறது என்றார். பத்துக் கட்டளைகளில் பெரும்பாலானவை 'செய்யாதே' என்ற வடிவில் இருப்பது இதற்குப் பொருத்தம் என்றும் பின்னாளில் எழுதினார். அந்த ஆயத்த அலையின் பொருளை 2012-இல் ஆரன் ஷூர்கர் கேள்விக்குள்ளாக்கினார். அது முடிவின் தடயம் அல்ல, மூளையின் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்றார். வாதம் ஓயவில்லை. ஆனால் 2016-இல் வந்த பெர்லின் ஆய்வு ஒன்று, அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்பு வரைகூட மனிதர்களால் அதைத் தடுத்து நிறுத்த முடிகிறது என்று காட்டியது. துதி சொல்லும் நேரம் அதைவிடப் பல மடங்கு நீளமானது. பழம் கையில் இருக்கிறது, வாய் ஊறுகிறது, கை நிற்கிறது.

அந்த நிறுத்தம் சுவையையும் மாற்றுகிறது. கேத்லீன் வோஸும் சக ஆய்வாளர்களும் 2013-இல், சாக்லேட் சாப்பிடும் முன் சிலரை அதைக் குறிப்பிட்ட முறையில் உடைத்து, குறிப்பிட்ட வரிசையில் உறை பிரிக்கச் செய்தார்கள். அந்தச் சிறு சடங்கைச் செய்தவர்கள் அதிகச் சுவையாக இருந்தது என்றார்கள், நிதானமாக ரசித்தும் தின்றார்கள். அந்தச் சடங்கில் இறைவன் பெயர் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கவனம் எப்படிக் கூர்மைப்படுகிறது என்பதுவரை அறிவியல் காட்டும். அந்தக் கவனம் யாரைச் சென்று சேர்கிறது என்பதை அது சொல்லாது, சொல்லவும் முயலக் கூடாது.

பழக்கம் என்பது பகை மட்டும்தானா? இல்லை என்று விளக்கியவர் ரப்பி எலியாகு டெஸ்லர் (1892–1953). லாட்வியாவில் பிறந்து, இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் கற்பித்து, இஸ்ரேலின் பினே பிராக்கில் மறைந்தவர். தேர்வு நடக்கும் இடத்தை அவர் போர்முனைக்கு ஒப்பிட்டார். இரு படைகள் மோதும் கோட்டில்தான் சண்டை. கோட்டுக்குப் பின்னால் இருப்பது ஏற்கெனவே பிடித்த நாடு. நேர்மையான வீட்டில் வளர்ந்தவருக்குத் திருடலாமா என்பது ஒரு தேர்வே அல்ல, மனத்தில் எழாது. ஆனால் பொறுமையாகப் பதில் சொல்லலாமா, எரிந்து விழலாமா என்பது அவருக்கு ஒவ்வொரு நாளும் தேர்வு. இன்று வென்றால் கோடு சற்று முன்னே நகரும். நாளைய சண்டை இன்னும் நுட்பமான இடத்தில். தோற்றால் பின்னே நகரும். ஆகவே பழக்கம் பிடித்த நாட்டைக் காக்கிறது. விழிப்பு கோட்டில் நிற்கிறது. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வு, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் பிடிக்கிறது என்கிறது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் உடைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தவறி விழுந்தவர் மறுநாள் எழுந்து தொடர இது போதும்.

இவ்வளவும் அறிஞர்களின் பேச்சு. ஏடில்லாமல், ரப்பி இல்லாமல், தேர்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சமூகம் நிலைக்குமா? நம் நாட்டிலேயே நிலைத்திருக்கிறது. மும்பைக்குத் தெற்கே, கொங்கணக் கடற்கரை ஊர்களில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் மக்கள், அலிபாக் அருகே நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஏழு இணையர் கரையேறிய வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பார்கள். நூல்கள் கடலோடு போயின என்பது அவர்கள் மரபு. மராத்தி பேசினார்கள், செக்கில் எண்ணெய் ஆட்டினார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று அழைத்தார்கள். எபிரெயம் மறந்துபோனது, இறைவன் ஒருவனே என்று அறிவிக்கும் 'ஷெமா' மட்டும் வாயில் தங்கியது. எட்டாம் நாள் விருத்தசேதனம் நின்றது. சில உணவு விலக்குகள் நின்றன.

அவர்களை யூதர்கள் என்று கண்டுகொண்டவர் தாவித் ரகாபி என்பது அவர்களின் மரபுக் கதை. அவர் எந்தக் காலத்தவர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். பெண்கள் துடுப்பும் செதிலும் உள்ள மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கினார்களாம். அந்தப் பெண்களின் கையில் இருந்தது என்ன அறிவு என்பதைத் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத்து மீனை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கெண்டைக்குச் செதில் உண்டு, அரிவாள்மனையில் உரசினால் உதிரும். கெளுத்திக்கு வழவழத்த தோல்தான். கெண்டை ஆகும், கெளுத்தி ஆகாது. தோலைக் கிழிக்காமல் எடுக்க வருவதே செதில் என்பது யூதச் சட்டம். சுறாவின் தோலில் இருக்கும் நுண்பற்கள் அப்படி உதிரா. ஆகவே அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் பல்லை விட்டுப்போன பழங்காலச் சுறாக்களும் விலக்குப் பட்டியலில்தான் சேரும்.

1796-இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் மும்பையில் இவர்களின் முதல் தொழுகைக்கூடத்தைக் கட்டினார். கொச்சி யூதர்கள் வந்து எபிரெயமும் சடங்கும் கற்பித்தார்கள். இச்சமூகத்தின் வரலாற்றை ஹயீம் சாமுவேல் கெகிம்கர் 1897-இல் எழுதினார். நூல் அச்சேறியது 1937-இல். 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். அங்கே இவர்கள் உண்மையான யூதர்கள்தானா என்று சமயத் தலைமை ஐயம் எழுப்ப, போராட்டம் நடந்து, 1964-இல் முழு யூதர்கள் என்று ஏற்கப்பட்டது. மத்தியக் கிழக்கு யூத வழியும் இந்திய வழியும் இவர்களிடம் கலந்திருப்பதை 2016-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. எனக்கு அதைவிடப் பெரிய சான்று சனிக்கிழமை நின்ற செக்கும் ஒதுக்கப்பட்ட மீனும். மரபணு தானாக இறங்கும். செக்கை ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் நிறுத்த வேண்டும்.

இன்றும் இவர்கள் வீட்டில் நல்ல காரியம் என்றால் எலியா தீர்க்கதரிசியை நினைத்து 'மலிதா' படைப்பார்கள். ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் சேர்த்துத் தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்குவார்கள். பிறகு மரத்தின் கனிக்கு உரிய துதி, மண்ணின் விளைச்சலுக்கு உரிய துதி என்று தனித்தனியே சொல்லிவிட்டுத்தான் பங்கிடுவார்கள். அந்தத் தட்டில் வாழைப்பழம் இருந்தால் அது எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் சோற்றில் கை வைக்கும் முன் காக்கைக்கு ஒரு பிடி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஏர் பூட்டும் முன் மண்ணைத் தொட்டுக் கும்பிடும் கைகள் இருக்கின்றன. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கவுச்சி சேர்க்காமல் கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. எந்தத் தானியத்துக்கு முன் என்ன செய்வார்கள், எந்தக் கிழமையில் எதை விலக்குவார்கள், அப்போது என்ன சொல்வார்கள் என்பது பெரும்பாலும் வயதானவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. யூதர்கள் தங்களுடையதை 1,800 ஆண்டுகளாக எழுதி, விவாதித்து, திருத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பாட்டியோ அப்பத்தாவோ இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்தப் பருவம், எந்த உணவு என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.